புதன்கிழமைப் பேச்சு சனிக்கிழமைக்குப் போகாது

குடிகாரர்களின் வீட்டாருக்கென்று ஒரு கூட்டம் நடத்தப் போகிறீர்களா? அப்படியானால் மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் உட்காரவைக்காதீர்கள். லாண்டரி அக்காவைக் கேட்டால் முதல் பாடமாக இதைத்தான் சொல்வாள். பட்டுத் தெளிந்தவள் அவள்.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே கூட்டம்தான். கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் மாடி அறையை, வகுப்பு இல்லாத நேரத்தில் சும்மாவே கொடுத்திருந்தார் அதன் சொந்தக்காரர். துணி போர்த்திய கம்ப்யூட்டர்களுக்கு நடுவே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். முதல் மாதமே ஒரு அம்மாள், "கட்டினவ ஒழுங்கா இருந்தா எம்புள்ளை ஏன் குடிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தாள். வட்டத்தில் இருந்த மருமகள்கள் அத்தனை பேரும் தங்கள் சொந்த மாமியாரே கேட்டுவிட்டது போல எழுந்து நின்றார்கள். கூச்சல் அடங்கியபோது ஒரு கீபோர்டு தரையில் கிடந்தது. நல்ல கூத்து! குடித்தவன் எவனும் அந்த அறையில் இல்லை, ஆனால் அறை மட்டும் சாராயக்கடை மாதிரி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து பெற்றவர்களுக்குப் புதன்கிழமை, கட்டிக்கொண்டவர்களுக்குச் சனிக்கிழமை. இரண்டையும் நடத்துகிறவள், இரண்டிலும் உட்காருகிற ஒரே ஆள் லாண்டரி அக்காதான். அவள் வேலை பார்ப்பது சலவைக் கடையின் கவுன்டரில் என்பதால் அந்தப் பெயர். கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, அது முதல் விதி. யாரும் யாருக்கும் புத்திமதி சொல்லக் கூடாது, அவரவர் கதையை மட்டும் சொல்லலாம் என்பது இரண்டாவது. அறைக்குள் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது மூன்றாவது. மற்ற இரண்டிலும் கொஞ்சம் அப்படி இப்படி விட்டுக்கொடுப்பாள். மூன்றாவதில் மட்டும் ராட்சசி.

"புதன்கிழமைப் பேச்சு சனிக்கிழமைக்குப் போகாது, சனிக்கிழமைப் பேச்சு வீட்டுக்குப் போகாது. போச்சுன்னா நீங்களும் கூடவே போயிடுங்க" என்பாள். ஒருத்தி மளிகைக் கடையில் நின்று வாயைவிட்டாள் என்று தெரிந்ததும் அன்றே அவளுக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாள். அக்கா மாதிரி கறாராக நடத்த ஆளில்லை என்று எல்லாருக்கும் பெருமை.

அந்தக் கறாருக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. சனிக்கிழமைக்கு வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரியாத ஒரே ஆள் அவள் புருஷன்.

அவர் எலக்ட்ரீஷியன். ஒரு காலத்தில் குடித்துவிட்டு, எந்த வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தோம் என்பதையே மறந்து வந்துவிடுவார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் யாரையோ பிடித்து, குடியை நிறுத்தும் மாத்திரையை வாங்கி, பொடித்து, அவருக்குத் தெரியாமல் காலை டீயில் கலந்தாள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், குடல் வெளியே வருவது போல வாந்தி வரும். அவருக்கும் வந்தது. இரண்டு தடவை வந்ததும், சரக்கில் கலப்படம் என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனார். மூன்றாவது தடவை பயந்துபோய், இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஒன்பது மாதம் கலந்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். அவர் மறுபடி தொடவே இல்லை. இப்போது குடியை விட்டவர்கள் கூடும் மன்றத்தில் அவர் ஒரு தூண்.

இந்தக் கதையை லாண்டரி அக்கா சொன்னால் அழுதுகொண்டு வந்தவளும் சிரித்துவிடுவாள். கடைக்காரனிடம் அவர் போட்ட சண்டையை நடித்தே காட்டுவாள். புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. புத்திமதி இல்லையே, சொந்தக் கதைதானே! விதிப்படி எல்லாம் சரி.

இப்படியிருக்க, ஒரு புதன்கிழமை பொறுமையம்மா வாயைத் திறந்தாள். எதற்கெடுத்தாலும் "பொறுமையா இருக்கணும்மா" என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் மகன் லிஃப்ட் மெக்கானிக்.

"குடியை விட்டுட்டேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டான். ஆனா காலையில கை நடுங்குது, பாவம். போன தடவை திடீர்னு நிறுத்தினப்போ வலிப்பு வந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டான். எனக்கு அந்தப் பயம். அதனால..." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இருமல் மருந்து பாட்டில்ல கொஞ்சம் சரக்கு ஊத்தி வெச்சிருக்கேன். காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. மருந்து மாதிரி. மருமகளுக்குத் தெரியாது."

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே. பொறுமையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனுடைய நல்ல குணத்துக்கு வந்தாள். ஒருமுறை வேலைக் களைப்பில் பதினோராவது மாடியில் லிஃப்ட்டுக்குள்ளேயே தூங்கிவிட்டானாம், அந்தக் கட்டடத்து ஆட்கள் எல்லாரும் படியிறங்கிப் போனார்களாம், குழந்தை மாதிரி தூங்கினானாம்.

லாண்டரி அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே கதையைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் கேட்டிருக்கிறாள். சொன்னவள் செருப்புக்கடையில் வேலை பார்க்கும் பெண். அவள் சொன்னபோது அதில் குழந்தையும் இல்லை, களைப்பும் இல்லை. "மூக்குமுட்டக் குடிச்சுட்டு லிஃப்ட்ல விழுந்து கிடந்தாருக்கா. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு பதினோரு மாடி இறங்கி வந்திருக்கு" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆக, ஒரே வீடு, ஒரே ஆள். மாமியார் புதன்கிழமை வருவது மருமகளுக்குத் தெரியாது, மருமகள் சனிக்கிழமை வருவது மாமியாருக்குத் தெரியாது.

சரி, நமக்கென்ன, இரண்டு பேரும் நல்லதற்குத்தானே வருகிறார்கள் என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை வரைதான் அது செல்லுபடியானது.

சனிக்கிழமை செருப்புக்கடைப் பெண் முகமெல்லாம் பல்லாக வந்தாள். "அக்கா, வாங்கிட்டேன்! எங்க சித்தி பையன் மருந்துக்கடையில இருக்கான், அவன் மூலமா. நாளைக்குக் காலையிலேர்ந்து டீயில போடப் போறேன். அவரு விட்டுட்டேன்னுதான் சொல்றாரு. ஆனாலும் ஒரு காப்பு வேணும்ல? நீங்க செஞ்ச மாதிரியே!"

பெண்கள் கைதட்டினார்கள்.

அக்கா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு மூடி, இங்கே ஒரு மாத்திரை. இரண்டும் ஒரே வயிற்றில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தாள்.

"நீங்க கேட்டீங்களாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவளும் இரண்டு தட்டு தட்டினாள். அந்தக் கைகளை அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. "வேண்டாம்மா, போடாதே, உன் மாமியாரைக் கேள்" என்றால் முடிந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? மூன்றாவது விதியை அக்காவே உடைத்தாள் என்று ஆகும். அவள் உடைத்தால் மற்றவர்கள் ஏன் காக்க வேண்டும்? இருபது வாய்களில் ஏதாவது ஒன்று எலக்ட்ரீஷியன் காதுக்குப் போகும். அதுதான் பயம். விதியாவது மண்ணாங்கட்டியாவது! தன் குட்டு உடையக் கூடாது என்பதுதான் விஷயம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் கடைக்கு வந்த துணிகளுக்கு அடையாள எண் குத்திக்கொண்டே, நான் விதியைக் காக்கிறேன், நான் விதியைக் காக்கிறேன் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை பொறுமையம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டு நாளா பையனுக்கு ஒண்ணும் சரியில்லைம்மா. முகமெல்லாம் செவந்து போகுது, வாந்தி எடுக்கிறான், நெஞ்சு படபடங்குதுங்கிறான். ஒரு மூடி பத்தலை போல. நடுக்கம்தான் இப்படி முத்திடுச்சுன்னு நினைச்சு, இன்னிக்குக் காலையில ரெண்டு மூடி குடுத்துட்டு வந்தேன்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே" என்றாள். பொறுமையம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரமாட்டேங்கிறான்மா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்தவர் கதை தொடங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் செருப்புக்கடைப் பெண்ணுக்குப் போன் பண்ணிவிட வேண்டும், விதி நாசமாகப் போகட்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் அக்கா படியிறங்கினாள். வீட்டில் எலக்ட்ரீஷியன் கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு அவர் குடியை விட்டு ஆறு வருஷம். மன்றத்தில் பேசச் சொல்லியிருந்தார்கள்.

"இங்க வா, இதைக் கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. 'எந்த டாக்டரும் என்னைத் திருத்தலை. எந்த மாத்திரையும் என்னைத் திருத்தலை. ஒருநாள் காலையில முடிவு பண்ணேன், அவ்வளவுதான். என்னால முடிஞ்சுதுன்னா உங்களாலயும் முடியும்.' எப்படி?"

"நல்லா இருக்குங்க."

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? யாருக்கு போன்?"

"கடைக்கு. சாவி யார்கிட்டன்னு கேக்கணும்" என்று சொல்லி, கையிலிருந்த போனை அலமாரி மேல் வைத்தாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மனுஷிக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பேசியிருக்கலாமே! பேசவில்லை. அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து அத்தனை சந்தோஷமாக நின்றார், அதைப் பார்த்த பிறகு அவளுக்குக் கை எழவில்லை.

காலையில், ஒரு கோட்டின் கழுத்துப்பட்டியில் எண் குத்திக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா..." செருப்புக்கடைப் பெண். அழுகையில் வார்த்தை புரியவில்லை. "லிஃப்ட் கூண்டு மேல ஏறி நின்னு வேலை பாத்துட்டிருந்தவரு அப்படியே சரிஞ்சுட்டாருக்கா. கூட இருந்தவர் பெல்ட்டைப் பிடிச்சு இழுக்கலைன்னா கீழ போயிருப்பாரு. பெரிய ஆஸ்பத்திரியில இருக்கோம். எனக்கு யாருமே இல்லக்கா, வாங்களேன்."

அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. கூட்டத்துப் பெண் யாருக்கோ கஷ்டம் என்றால் ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள் அவர். வழியெல்லாம் அவள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவு வாசலில் நீளமான பெஞ்சு. ஒரு கோடியில் மாமியார், மறு கோடியில் மருமகள். அக்காவைக் கண்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"அக்கா!"

"வந்துட்டியாம்மா!"

பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு எப்படி இவளைத் தெரியும் என்று கேட்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. உள்ளேயிருந்து டாக்டர் வேகமாக வெளியே வந்தாள்.

"பிரஷர் ஏறவே மாட்டேங்குது. சீக்கிரம் சொல்லுங்க, குடிச்சிருக்காரா?"

"குடிக்கிறதையே விட்டுட்டாரு டாக்டர்" என்றாள் மனைவி.

"ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா?"

"மாத்திரையே தொடமாட்டான் டாக்டர்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அவரவர் செய்ததை மட்டும் மென்று விழுங்கினார்கள். மாமியார் எதிரில் மருமகளுக்கு வாய் வரவில்லை, மருமகள் எதிரில் மாமியாருக்கு. டாக்டர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே திரும்பினாள்.

"இருக்கு டாக்டர்" என்றாள் லாண்டரி அக்கா.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "குடியை நிறுத்துற மாத்திரை. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து டீயில கலந்து குடுக்கிறாங்க. அவருக்குத் தெரியாது. அதே சமயம் காலையிலயும் சாயங்காலமும் சரக்கும் உள்ள போயிருக்கு. நேத்து ரெண்டு மடங்கு."

டாக்டர் உள்ளே பார்த்து எதையோ உரக்கச் சொன்னாள். ஒரு நர்ஸ் ஓடினாள். "நீங்க யாரு? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த மனிதனின் கால்கள் தெரிந்தன. ஒரு காலில் மட்டும் வேலைக்குப் போடும் பூட்ஸ் இருந்தது.

"நான் சொல்லிக்குடுத்ததுதான் டாக்டர். எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் குடுத்தேன். ஒன்பது மாசம். அவருக்கும் தெரியாது."

தெரியாது என்று சொல்லி முடிக்கும்போதே, பின்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் உள்ளே போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் ஆபத்து நீங்கிவிட்டது, பிழைத்துவிடுவார் என்று சொல்லிவிட்டார்கள். பெஞ்சில் மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். செருப்புக்கடைப் பெண்தான் முதலில் கேட்டாள்.

"நான் சனிக்கிழமை சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"கைதட்டினீங்களே!"

பொறுமையம்மா மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவள் தோளில் கையை வைத்தாள். மருமகள் அதைத் தட்டிவிடவில்லை. பொறுமையம்மா அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "நேத்து நான் சொன்னப்போ உன் முகம் மாறிச்சும்மா. நான் பார்த்தேன். பெத்த தாயே சரக்கு ஊத்திக் குடுக்கிறாளேன்னு அசிங்கமா நினைக்கிறன்னு எண்ணிக்கிட்டேன். அந்த வெக்கத்துலதான் மேல எதுவும் கேக்கலை."

திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். அக்கா கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் எலக்ட்ரீஷியன் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து நின்றிருந்தார். இவ்வளவு நேரமும் போகாமல் நின்றிருக்கிறார்.

"அவரு?"

"பிழைச்சுட்டாருங்க."

"சரி." கொஞ்ச நேரம் ஹெல்மெட் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"சனிக்கிழமை வர்றவங்களுக்கு."

"எல்லாருக்குமா? அந்தக் கலப்படச் சண்டையும்?"

அவள் தலை குனிந்தாள்.

"சிரிச்சிருப்பாங்கல்ல?" என்றார். "நான் மன்றத்துல எத்தனை பேரைப் பிடிச்சுத் திட்டியிருக்கேன் தெரியுமா? மனசு வெச்சா முடியாதாடா, நான் விடலையான்னு. சில பேர் அழுதிருக்கானுங்க. அவனுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் ஒன்பது மாசத்துல நிறுத்திட்டேங்க. அதுக்கப்புறம் இத்தனை வருஷமும் நீங்கதானே..."

"நான்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "இப்ப எனக்குக் குடிக்கணும்போல இருக்கு. உண்மையாச் சொல்றேன். ஆறு வருஷத்துல இப்படி இருந்ததில்லை. நான் மன்றத்துக்குப் போறேன். நீ வராதே. பஸ்ல வீட்டுக்குப் போ."

"நானும் கூட..."

"நீ பக்கத்துல இருந்தா இதுவும் நீ நிறுத்தினதா ஆயிடும். ஒரு நாளாவது நானா இருந்து பாக்குறேன், விடு."

ஸ்கூட்டர் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மன்றத்துக்குப் போகும் சாலையிலேயே மூன்று மதுக்கடைகள் உண்டு. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் பின்னாலேயே போகாதீர்கள், போன் மேல் போன் போடாதீர்கள், திரும்பி வந்தால் வாசலில் நின்று மோந்து பார்க்காதீர்கள், அது உங்கள் வேலை இல்லை என்று எத்தனை பெண்களின் கையைப் பிடித்துச் சொல்லியிருப்பாள்! போனைப் பத்துத் தடவை எடுத்தாள், பத்துத் தடவையும் வைத்தாள். அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கி நின்றார். அவளை அறியாமலே அவள் முகம் முன்னால் போய், மூக்கு ஒரு தரம் உறிஞ்சியது. ஆறு வருஷமாகச் செய்யாத காரியம்.

அவர் பார்த்துவிட்டார். தூக்கிய காலைக் கீழே வைத்தார். குனிந்து, அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து, "ஹா" என்று ஊதினார். டீ வாசனை மட்டும்தான் இருந்தது.

"போதுமா?" என்று கேட்டார், முன்பின் தெரியாத போலீஸ்காரரிடம் கேட்பது போல.

அவள் விலகி வழிவிட்டாள். அவர் நேராக அடுப்படிக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த தம்ளரை எடுத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது, காலையில் அவள்தான் கழுவி வைத்தாள். அவர் அதைக் குழாயடியில் காட்டி இரண்டு தடவை நன்றாகக் கழுவினார், வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்தார், அப்புறம்தான் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.